அத்தானுக்கு ஊர் காட்டிய இரண்டு நாட்கள்

2005ஆம் ஆண்டு ஆடி மாதம் அருமைராசாவும் அவருடைய மனைவி சிவநேசமும் பத்து நாள் விடுமுறையில் பாரிஸிலிருந்து மொன்றியலுக்கு வந்தார்கள். அருமைராசா, சிவானந்தத்தின் அண்ணன். இருவரும் மட்டக்களப்பு நாவலடியில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். எண்பத்தெட்டில் அண்ணன் பிரான்சுக்குப் போனார். இரண்டு வருடம் கழித்துத் தம்பி கனடாவுக்கு வந்தான். அதன்பிறகு இப்போதுதான் நேரில் பார்க்கிறார்கள்.

விமான நிலையத்தில் இருவரும் கட்டிப்பிடித்தார்கள்.

"மெலிஞ்சிட்டாய்" என்றார் அண்ணன்.

"நீங்க கொழுத்திட்டீங்க" என்றான் தம்பி.

அதற்குமேல் கதை ஓடவில்லை. பதினேழு வருடப் பிரிவுக்கு இவ்வளவுதானா என்று சிவானந்தத்தின் மனைவி கௌசலா யோசித்தாள். காரணமும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஏழு மாதத்துக்கு முன்பு கடல் நாவலடிக்குள் வந்து அவர்களுடைய அக்கா அருளம்மாவைக் கொண்டுபோயிருந்தது. தாய் இல்லாத வீட்டில் இரண்டு பேரையும் வளர்த்தவள் அவள்தான். அந்த நாட்களில் பாரிஸுக்கும் மொன்றியலுக்கும் இடையில் தொலைபேசி ஓயாமல் அடித்தது. ஆனால் பேசியதெல்லாம் யாரை விசாரிப்பது, எந்த முகாமில் தேடுவது, யார் ஊருக்குப் போவது என்பதுதான். தேடல் முடிந்தபிறகு அக்காவின் பெயரை இருவருமே எடுக்கவில்லை.

கௌசலாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பதினொரு வருடம் ஒரு தொழிற்சாலையில் குளிர்ச் சட்டைகளுக்குக் கை தைத்தாள். மாசி மாதம் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வேலை போனவர்களுக்கு அரசாங்கம் நடத்தும் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தாள். அங்கே படிப்பித்த பேனாட், வகுப்பறைக்குள் நடந்துகொண்டேதான் பாடம் எடுப்பார். கடைசியில் ஒருநாள் வகுப்பையே பழைய நகரத்துக்குக் கூட்டிப்போய்த் தெருத்தெருவாக நடந்து பாடம் எடுத்தார். ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் நின்று அவர் சொன்னதை கௌசலா கொப்பியில் எழுதிக்கொண்டாள். வீட்டில் அதைப்பற்றிக் கதைக்க யாருமில்லை. மகள் கோடை முகாமுக்குப் போயிருந்தாள். சிவானந்தத்துக்கு டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டைப்பற்றியும் ஊரைப்பற்றியும் கதைக்க அவன் உடம்பில் தெம்பு இருக்காது.

அண்ணன் வந்ததற்காக அவனுக்கு சனியும் ஞாயிறும் லீவு கிடைத்தது. சனிக்கிழமை பழைய மொன்றியலைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரவு அங்கேயே ஒரு நல்ல இடத்தில் சாப்பிடுவது என்று முடிவாயிற்று.

"றெஸ்டோறன்டை நான் பாக்கிறன்" என்றார் அருமைராசா. "பிரெஞ்சு எனக்கு விடுங்க. பதினேழு வருசம் அவங்கட ஊரில இரிக்கிறன்."

வழிகாட்டிப் புத்தகத்தில் ஓர் இடத்தைத் தெரிந்து, தொலைபேசியில் கூப்பிட்டு, நாலு பேருக்கு, சனிக்கிழமை, பாரிஸில் ராச் சாப்பாட்டுக்குச் சொல்வதுபோல டினே என்று சொல்லிப் பெயரையும் எழுத்துக் கூட்டிக் கொடுத்தார். வைக்கும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

சனிக்கிழமை வெயில் கடுமையாக இருந்தது. அருமைராசா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மெற்றோவிலிருந்து ஏறி சதுக்கத்துக்கு வந்ததும் நொத்ர டாம் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தார்.

"எங்கட நொத்ர டாம் எண்ணூறு வருசம் பழசு. இது குழந்தைப்பிள்ளை."

உள்ளே கூரை முழுக்கக் கரும்நீலம். அதில் பொன் நட்சத்திரங்கள். சிவநேசம் தலையை நிமிர்த்தியபடி அசையாமல் நின்றுவிட்டாள். கௌசலா கணவனின் அண்ணனிடம் மெதுவாகத் தொடங்கினாள்.

"அத்தான், இதைக் கட்டினவர் ஆர் தெரியுமா? அவர் இந்தச் சமயத்து ஆளே இல்ல..."

"பாரிஸ்ல இதைவிடப் பெரிய கண்ணாடி இரிக்கு, வட்டமா, ரோசாப்பூ மாதிரி" என்று அருமைராசா ஜன்னல் பக்கம் திரும்பினார்.

கௌசலா நிறுத்திவிட்டாள். சிவானந்தம் அவளை ஒருதரம் பார்த்தான்.

அன்று முழுவதும் அப்படியே போனது. கல் பதித்த சென்-போல் தெருவைக் கண்டால் பாரிஸில் தெருவெல்லாம் இப்படித்தான் என்றார். ஆற்றைக் கண்டால் சேன் நதியைப்பற்றிச் சொன்னார். மத்தியானம் சாப்பிடவும் விடவில்லை. "ராவைக்கு நல்லாச் சாப்பிடப்போறம். இப்ப வயித்த நிரப்பாதீங்க." ஆளுக்கொரு ஐஸ்கிரீமோடு மத்தியானம் கழிந்தது. சிவநேசத்தின் புதுச் சப்பாத்து குதிக்காலை வெட்டியது. அவள் சொல்லாமல் நொண்டிக்கொண்டு வந்தாள்.

ஏழு மணிக்கு உணவகத்தின் வாசலில் நின்றார்கள். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். மேசைகளில் வெள்ளை விரிப்பு, உள்ளே வெண்ணெயும் பூண்டும் வதங்கும் வாசம். கொண்டையில் பென்சில் செருகிய இளம்பெண் ஒருத்தி பதிவுக் கொப்பியைத் திருப்பினாள். பெயரைக் கண்டுபிடித்து விரலை வைத்தாள். உங்கள் மேசை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, மிசியூ. அரை மணித்தியாலம் வைத்திருந்தோம். நீங்கள் வரவில்லை. இப்போது எல்லாம் நிரம்பிவிட்டது என்றாள்.

அருமைராசா டினே என்றுதானே சொன்னேன் என்றார். ஓம், டினே, அதுதான் எழுதியிருக்கிறோம் என்றாள் அவள். அவர் குரல் உயர்ந்தது. அவளுடைய கியூபெக் பிரெஞ்சு அவருக்குப் பாதி விளங்கவில்லை. அவருடைய பிரெஞ்சு அவளுக்கு விளங்கியது. ஏன் கோபப்படுகிறார் என்பதுதான் விளங்கவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கௌசலா அவர் பக்கத்தில் வந்தாள்.

"அத்தான், இஞ்ச டினே எண்டால் மத்தியானச் சாப்பாடு. ராச் சாப்பாட்டை இவங்க சூப்பே எண்டு சொல்றவங்க."

"ஆர் சொன்னது?"

"வகுப்பில படிப்பிச்சவங்க. முதல் கிழமையே."

"அப்ப இவங்கட பிரெஞ்சு பிழை" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்த் தெருவோரத்து வாங்கில் உட்கார்ந்தார்.

கௌசலா அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாள். நாங்கள் பாரிஸிலிருந்து வந்த விருந்தாளிகளோடு வந்தோம், அவர்களுக்கு டினே என்றால் இரவு என்று விளக்கினாள். நிறுத்தி நிறுத்தி, வினைச்சொல்லை ஒருதரம் திருத்திச் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். தன் மாமாவுக்கும் பாரிஸில் இதே கதை நடந்தது, மத்தியானம் பசியோடு போய்க் கதவில் தட்டினார் என்றாள். சிவானந்தம் வாசலில் நின்று மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பிரெஞ்சில் இத்தனை வசனம் பேசி அவன் கேட்டதில்லை.

வெளியே வந்து கௌசலா சொன்னாள், "எனக்கு ஓரிடம் தெரியும். வகுப்பு முடிஞ்ச நாள் அங்கதான் சாப்பிட்டம். பெரிய இடமில்ல."

"எங்கெண்டாலும் போவம் பிள்ளை" என்றாள் சிவநேசம். "எனக்குக் கால் போச்சு."

பக்கத் தெருவில் நாலு படி இறங்கிப் போகும் நிலவறை அது. கற்சுவர், மர மேசை, விரிப்புக் கிடையாது. அருமைராசா பேசாமல் உணவுப் பட்டியலை விரித்தார். சற்று நேரத்தில், "பாத்தே சினுவா. சீனச் சாப்பாடும் வச்சிரிக்காங்க" என்றார்.

"அதில சீனம் ஒண்டுமில்ல அத்தான். அரைச்ச மாட்டிறைச்சி, அதுக்கு மேல சோளம், அதுக்கு மேல மசிச்ச கிழங்கு. ஏன் அந்தப் பேர் எண்டு இவங்களுக்கே சரியாத் தெரியா."

அவர் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. "அப்ப அதையே கொண்டுவரச் சொல்லு."

மாட்டிறைச்சி தொடாத சிவநேசத்துக்கு சமன் மீனை மாவுக்குள் அடைத்துச் சுட்ட பையை கௌசலா சொன்னாள். முதலில் எல்லாருக்கும் பட்டாணிச் சூப் வந்தது. பன்றி வாசத்துக்குச் சிவநேசம் தன் கோப்பையைக் கணவன் பக்கம் தள்ளினாள். சிவானந்தம் ஒரு கரண்டி வாயில் வைத்துக் கண்ணை மூடினான்.

"பண்டி எலும்பை நேத்தே போட்டுக் கொதிக்க வச்சிரிக்காங்க. இண்டைக்கு வச்ச சூப்புக்கு இந்த ருசி வராது."

பசிக்குள் சூடு இறங்க இறங்க மேசை இளகியது. சிவநேசம் மேசைக்குக் கீழே சப்பாத்தைக் கழற்றிவிட்டாள். மீன் பையில் பாதியைச் சாப்பிட்டபிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள்.

"நான் இண்டைக்குத்தான் ஒரு ஊரைச் சுத்திப் பாத்தன்."

"ஏன் அக்கா, பாரிஸ்ல..." என்று தொடங்கினாள் கௌசலா.

"பாரிஸ்ல எங்க பாத்த நான்? ஹோட்டலில அறை துப்பரவாக்கிற வேலை. ஆறாம் மாடியில ஒரு அறை. அந்த ஜன்னலைத் துடைக்கக்குள்ள ஈபிள் கோபுரத்தின்ட நுனி தெரியும். அவ்வளவுதான் பாத்திரிக்கன். லீவு நாளில படுத்தால் காணும் எண்டிரிக்கும்."

கௌசலா அத்தானைப் பார்த்தாள். மனைவி தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று அவர் கோபப்படுவாரோ என்று பயந்தாள். அருமைராசா முள்ளுக்கரண்டியால் சோளத்தை ஒவ்வொன்றாக ஒதுக்கினார்.

"நானும் நொத்ர டாமுக்குள்ள போகல்ல" என்றார். "போன புதுசில வெளிய நிண்டு ஒரு படம் எடுத்தன். எடுத்து அக்காவுக்கு அனுப்பினன்."

அக்கா என்ற சொல் மேசையில் விழுந்ததும் சகோதரர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தண்ணீர்க் கோப்பைகளை எடுத்தார்கள்.

அருமைராசாவே பேச்சை மாற்றினார். "காலம கோவிலுக்குள்ள ஏதோ சொல்ல வந்தாய். நான் விடல்ல. இப்ப சொல்லு."

கௌசலா சொன்னாள். அந்தத் தேவாலயத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர் அயர்லாந்தில் பிறந்தவர், வேறு சபைக்காரர். நியூயோர்க்கிலிருந்து இதற்காகவே வந்தார். வருடக்கணக்கில் அதே வேலை. முடிக்கும்போது நோயாளி. தான் கட்டியதற்குள்ளேயே அடங்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, கடைசிக் காலத்தில் கத்தோலிக்கராக மாறினார். இப்போதும் அந்தத் தளத்துக்குக் கீழேதான் இருக்கிறார்.

"அப்ப நாங்க அவருக்கு மேலதான் நிண்டதா?" என்று கேட்டாள் சிவநேசம்.

"ஓம் அக்கா."

அருமைராசா நெடுநேரம் தலையாட்டினார். "நல்லாச் சொல்றாய். நாளைக்கும் கூட்டிப் போவியா?"

ஞாயிறு காலை கௌசலாவுக்குத் தயக்கம் வந்தது. காட்ட மிச்சம் இருந்ததில் அவளுக்கு மிகவும் பிடித்தது துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் சின்னத் தேவாலயம். மாலுமிகளின் கோவில் என்பார்கள். தேநீர் ஊற்றும்போது கணவனிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அங்க முழுக்கக் கடல் விசயம். அத்தானுக்கு மனசு என்னெண்டு ஆகுமோ. வேற எங்கயும் போவமா?"

சிவானந்தம் கொஞ்சம் யோசித்தான். "இல்ல. அங்கயே போவம்."

பூசை முடிந்து ஆட்கள் கலைந்தபிறகு உள்ளே போனார்கள். சிறிய, வெளிச்சமான இடம். கூரையிலிருந்து மரத்தால் செய்த சின்னக் கப்பல்கள் சங்கிலியில் தொங்கின. பாய்மரம், கயிறு எல்லாம் வைத்துச் செய்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு.

"கடலில ஆபத்தில மாட்டினவங்க மாதாவை நினைச்சு நேர்த்தி வச்சிரிக்காங்க" என்றாள் கௌசலா. "தப்பி வந்தாக்கள் செய்து கட்டினதுதான் இது. வெளிய கூரையில மாதா கையை விரிச்சுக்கொண்டு ஆத்தைப் பாத்து நிக்கிறா. கப்பல் வரக்குள்ள முதல் தெரியிறது அவதான்."

அருமைராசா ஒரு கப்பலுக்கு நேர்கீழே நின்றார்.

"திரும்பி வந்தவங்க கட்டினாங்க. சரி. வராதவங்களுக்கு?"

கொப்பியில் அதற்குப் பதில் இல்லை. கௌசலா சுற்றிப் பார்த்தாள்.

"வராதவங்கட வீட்டாக்களும் இஞ்சதான் வந்திருப்பாங்க அத்தான். இந்த வாங்கிலதான் இருந்திருப்பாங்க."

அவர் அந்த வாங்கில் உட்கார்ந்தார். சிவானந்தம் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கௌசலா சிவநேசத்தைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் நகர்ந்தாள். ஆனாலும் அந்தச் சின்ன இடத்தில் அத்தானின் குரல் கேட்டது.

"தம்பி, மார்கழி இருபத்தைஞ்சு, நத்தார் அண்டு மத்தியானம் அக்கா எனக்குப் போன் எடுத்தவ. நான் வேலை செய்யிற ஆஸ்பத்திரிக் குசினியில நிண்டன். முன்னூறு பேருக்குச் சாப்பாடு போகோணும். மறுகா எடுக்கிறன் எண்டு வச்சிட்டன். மறுகா எடுக்கல்ல. அடுத்த நாள் விடிய..." அவர் நிறுத்தினார். "என்ன சொல்ல எடுத்தாவோ."

சிவானந்தம் கைகளை முழங்காலில் வைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"என்னது?"

"உங்களுக்கு எடுத்திட்டு எனக்கு எடுத்தவ. இஞ்ச அப்ப காலம. நான் வீட்டில நிண்டன், கதைச்சன். அரை மணித்தியாலம் கதைச்சம். பெரியவன் வேலையில நிக்கிறான், பாவம், நத்தாருக்கும் விடுறாங்க இல்லை எண்டா. குளிருக்குத் தொப்பி போடுறானோ தெரியா, நீ எடுத்தால் சொல்லு எண்டா. கோவமா ஒண்டும் சொல்லல்ல. சிரிச்சுச் சிரிச்சுத்தான் கதைச்சவ. உங்களுக்குச் சொல்ல ஒண்டும் இருக்கல்ல. சும்மா குரல் கேக்க எடுத்தவ."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்ற? கடைசியாக் கதைச்சது நான். நீங்க கதைக்கல்ல. சொன்னால் உங்களுக்கு அது இன்னும் நோகும் எண்டு நினைச்சன்."

அருமைராசா கோட்டுப் பையில் கைக்குட்டையைத் தேடினார். கிடைக்கவில்லை. தம்பி தன் கைக்குட்டையைக் கொடுத்தான். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தம்பியும் அழுதான். பிறகு அண்ணன், "வேற என்ன கதைச்சவ? முதலில இருந்து சொல்லு" என்று கேட்பது கௌசலாவுக்குக் கேட்டது.

அவர்களைத் தனியே விடவேண்டும் என்று அவள் சிவநேசத்துக்கு ஒவ்வொரு கப்பலாகக் காட்டத் தொடங்கினாள். முதலில் ஒரு கோவில் இந்த இடத்தில் இருந்து எரிந்துபோனது, அந்த அத்திவாரத்தின் மேல்தான் இதை எழுப்பினார்கள் என்று சொல்லிக்கொண்டு போகையில் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. பச்சைச் சல்வாருடன் ஒரு பெண், கணவன், இரண்டு பிள்ளைகள், ஒரு வயதான ஐயா.

"அக்கா, நீங்கள் இஞ்சை கைட்டோ?" என்று கேட்டாள் அந்தப் பெண். "நாங்கள் ஸ்காபரோவிலையிருந்து வந்தனாங்கள். நேற்றையிலையிருந்து சுத்துறம், ஒண்டும் விளங்கேல்லை. தமிழிலை சொல்லுறது கேட்டு நிண்டிட்டம்."

"இல்லையம்மா, நான் சும்மா எங்கட ஆக்களுக்கு..."

"அப்ப எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுவியளோ?"

கௌசலா தயங்கினாள். வாங்கிலிருந்து, கண் சிவந்தபடியே, அருமைராசா திரும்பினார்.

"சொல்லுவா. நல்லாச் சொல்லுவா."

அவள் சொன்னாள். கோவிலுக்குள் தொடங்கி, வெளியே சந்தைக் கட்டடத்தின் வெள்ளிக் கூரை, துறைமுகம், மணிக்கூட்டுக் கோபுரம் என்று நடை நீண்டது. ஐயா கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார். தெரிந்ததற்குப் பதில் சொன்னாள். சகோதரர்கள் கொஞ்சம் பிந்தி வந்து கூட்டத்தின் ஓரத்தில் சேர்ந்துகொண்டார்கள். அன்று அருமைராசா பாரிஸைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒருதரம் மட்டும் கௌசலாவிடம் மெதுவாக, "அந்தக் கட்டடக்காரன்ட கதையையும் சொல்லு" என்றார்.

விருந்தாளிகள் போனபிறகு வீடு வெறுமையாக இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பாரிஸிலிருந்து தொலைபேசி வரத் தொடங்கியது. சகோதரர்கள் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். அக்கா வைத்த மீன் குழம்பு, அக்கா அடித்த அடி, அக்காவின் சைக்கிள். சிவானந்தம் கதவைச் சாத்தாமலே சிரித்தான்.

புரட்டாதியில் வகுப்புத் தொடங்கியபோது கௌசலா பேனாட்டிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னாள். நகரத்தில் வழிகாட்டியாக வேலை செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும், அதற்கு ஒரு படிப்பு இருக்கிறது, ஆனால் உன் பிரெஞ்சு இன்னும் போதாது என்றார் அவர். அவர் சொன்னது சரிதான். அந்தக் குளிர்காலத்தில் எழுதிய மொழிப் பரீட்சையில் அவள் தோற்றாள். இனித் தையலுக்கே போகிறேன் என்றாள். சிவானந்தம் தன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வந்தான். பின்னேரங்களில் அவன் சமைத்தான், அவள் படித்தாள். வசந்தத்தில் மறுபடி எழுதித் தேறினாள். இலையுதிர் காலத்தில் படிப்புத் தொடங்கியது. வகுப்பில் அவளைத் தவிர எல்லாரும் இங்கே பிறந்தவர்கள். வாய்மொழித் தேர்வில் அந்தச் சின்னக் கோவிலைப்பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். இருபது நிமிடம் பேசினாள். யாரும் நிறுத்தவில்லை.

2007 வைகாசியில் அவளுடைய முதல் குழு வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள புரோசார்ட்டிலிருந்து தமிழ் மூத்தோர் சங்கத்தின் இருபத்துநான்கு பேர், ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில். கழுத்தில் தொங்கிய அனுமதி அட்டையைச் சரிசெய்துகொண்டு சதுக்கத்தில் நின்று வணக்கம் சொன்னாள். கால் நோபவர்களை நிழலில் இருத்தி, மற்றவர்களை இரண்டிரண்டு பேராக நடக்க வைத்தாள்.

தெருவோரத்தில் குதிரை வண்டிகள் வரிசையாக நின்றன. தொப்பி போட்ட ஓர் அம்மா ஒரு வெள்ளைக் குதிரையின் முன்னால் நின்றுவிட்டார். குழு முன்னால் போனது. அவர் நகரவில்லை. கௌசலா திரும்பி வந்தாள்.

"பிள்ளை, பனிக்காலத்திலை இந்தக் குதிரையள் எங்கை நிக்கும்?"

வழிகாட்டிப் படிப்பில் யாரும் அதைச் சொல்லித்தரவில்லை.

"தெரியா அம்மா" என்றாள். "இந்தாளையே கேப்பம், வாங்க."

வண்டிக்காரர் இருக்கையில் அரைத் தூக்கத்தில் இருந்தார். கௌசலா அவருக்குப் பொஞ்சூர் சொல்லி, அம்மாவின் கேள்வியைப் பிரெஞ்சில் கேட்டாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, குதிரையின் பெயரிலிருந்து தொடங்கினார்.